உதறுபாறையில் ஏறாத கரடி

ஏரியின் இக்கரையில் பசி இருந்தது. அக்கரையில் புல் இருந்தது. நடுவில் முதலைகள் இருந்தன.

அதனால் அந்தக் காட்டு விலங்குகளுக்கு இருந்த ஒரே வழி வேழம்மாள் என்ற யானைதான். தினமும் காலையில் அது இக்கரைக்கு வந்து மண்டியிடும். முயல், அணில், முள்ளம்பன்றி, எலி என்று யார் வந்தாலும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். விலா வரை தண்ணீரில் நடந்து போய் அக்கரையில் இறக்கிவிடும். வளையும் கூடும் இக்கரையில் என்பதால் மாலையில் திரும்ப ஏற்றி வரும். முதலைகள் யானையை நெருங்குவதில்லை. ஆனால் முதுகிலிருந்து ஏதாவது தவறி விழாதா என்று கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே வரும்.

வேழம்மாள் எதற்கும் பயப்படாது, எறும்பைத் தவிர.

சிரிக்காதீர்கள். காதுக்குள் செவ்வெறும்பு புகுந்து கடித்தால் எப்படி இருக்கும் என்று யானையைக் கேட்டால்தான் தெரியும். ஐந்து கோடைக்கு முன்னால் அப்படி ஒன்று புகுந்துவிட்டது. யார் மேலிருந்து இறங்கியது என்று இன்றுவரை தெரியாது. நடு ஏரியில் வேழம்மாள் வலி தாங்காமல் பிளிறியது, தலையை உதறியது, நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்போது அதன் முதுகில் ஏழு முயல்கள் இருந்தன. வலி தணிந்து திரும்பிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. தண்ணீர் மட்டும் கலங்கியிருந்தது.

வேழம்மாள் அன்றே அக்கரைக்குப் பின்னால் இருந்த மலையில் ஏறிப் போய்விட்டது. அந்தக் கோடை முழுவதும் கீழே இறங்கவில்லை. இக்கரையில் புல் கருகியது, கிழங்கு வற்றியது, குட்டிகள் சுருண்டு விழுந்தன. கடைசியில் எல்லா விலங்குகளும் ஏரிக்கரையில் மலையைப் பார்த்து நின்று அழுதன.

யானைக்கு மனம் இளகிவிட்டது. இறங்கி வந்து ஒரே ஒரு நிபந்தனை சொன்னது.

“என் முதுகுல ஏறுறவங்க யாரா இருந்தாலும் எறும்பு இல்லைன்னு பார்த்துட்டுத்தான் ஏத்தணும். யாரா இருந்தாலும்! இன்னொரு தடவை என் காதுல எறும்பு ஏறுச்சுன்னா நான் மலைக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்க அழுதாலும் வர மாட்டேன்!”

அப்படி வந்ததுதான் உதறுபாறை. கரையோரம் இருந்த ஒரு தட்டைப் பாறை அது. பயணம் போகிறவர்கள் முதலில் பக்கத்துக் குட்டையில் முங்கி எழ வேண்டும். பிறகு பாறைமேல் ஏறி மூன்று முறை உடம்பை உதற வேண்டும். அப்புறம் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கூர்மூக்கி என்ற கீரி வந்து காது, அக்குள், வால் அடி எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கும். எறும்பு வாசனை அதன் மூக்குக்குத் தப்பாது. “சரி, ஏறலாம்!” என்று அது சொன்ன பிறகுதான் வேழம்மாள் மண்டியிடும்.

கூர்மூக்கி தன் சொந்தக் குட்டிகளையும் முகர்ந்து பார்த்துத்தான் ஏற்றியது. அதற்கு முகம் தெரியாது, மூக்குதான் தெரியும் என்று மற்ற விலங்குகள் கேலி செய்தன. அந்தக் கேலி அதற்குப் பிடித்திருந்தது.

ஐந்து கோடை ஒரு விபத்தும் இல்லாமல் போனது. விபத்தே இல்லாவிட்டால் எதற்கு இந்தப் பாறை என்று சிலருக்குத் தோன்ற ஆரம்பிக்கும். அந்தக் காட்டிலும் தோன்றியது.

அந்த ஆண்டு தேர்தல் நடந்தது. காட்டு மன்றத்துக்குப் பதினொரு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மன்றம் கூடுவது அக்கரையில், ஒரு பெரிய இலுப்பை மரத்தடியில். அதனால் உறுப்பினர்களும் ஏரியைக் கடக்க வேண்டியிருந்தது.

அவர்களில் ஒருவர் கருந்தோளன் என்ற கரடி. நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை பேசுவார். உறுப்பினர் ஆன பிறகு அவரை யாரும் ‘அது’ என்று சொல்வதில்லை. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம், வம்பு வேண்டாம்.

முதல் கூட்டத்துக்குப் போகும் நாளில் கருந்தோளன் குட்டையில் முங்கினார். பாறைமேல் ஏறினார். மூன்று முறை உதறினார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்தச் சங்கடம் நேர்ந்தது. ஈர ரோமம் உடம்போடு ஒட்டிக்கொண்டதால், அவருடைய தொப்பைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழுக்கை இருப்பது வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மரத்தின் மேலிருந்த குரங்குகள் முதலில் சிரித்தன. பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. அவருக்கே ஓட்டுப் போட்ட முள்ளம்பன்றி, முட்கள் சலசலக்க விழுந்து விழுந்து சிரித்தது.

“சரி, ஏறலாம்!” என்றது கூர்மூக்கி. அது மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு எறும்பைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

கருந்தோளன் ஏறி உட்கார்ந்தார். அக்கரை போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் தொடங்கியதும் எழுந்தார்.

“மதிப்புக்குரிய உறுப்பினர்களே! நம்மைத் தேர்ந்தெடுத்தது யார்? காட்டு மக்கள்! அவர்கள் நம்மை முழுதாக நம்பி அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நம்மை ஒரு கீரி அக்குளில் மூக்கை விட்டு முகர்ந்து பார்க்கிறது என்றால், அது யாருக்கு அவமானம்? நமக்கா? இல்லை! நமக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு!”

பதினொரு உறுப்பினர்களுக்கும் இது சட்டென்று புரிந்துவிட்டது. பின்னாளில் ஏரியில் தண்ணீர் குறைந்தபோது அந்த மன்றம் மூன்று அணியாகப் பிரிந்து சண்டை போட்டது. புல்லைப் பங்கிடும் விஷயத்தில் நான்கு அணியாகப் பிரிந்தது. இந்த விஷயத்தில் மட்டும் ஒரே அணியாக நின்றது. மன்ற உறுப்பினர்கள் உதறுபாறையில் ஏறத் தேவையில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. அவர்களுக்கு யானையின் முன்வரிசை இடம், அதாவது கழுத்தின் மேல், காதுக்குப் பக்கத்தில் ஒதுக்கப்பட்டது.

மரங்கொத்தி அந்தத் தீர்மானத்தை உதறுபாறைக்குப் பக்கத்திலிருந்த மருத மரத்தில் கொத்தி வைத்தது.

கூர்மூக்கி அதைப் படித்துவிட்டு நேராக யானையிடம் ஓடியது.

“அக்கா! உறுப்பினர்களைப் பார்க்கக் கூடாதாம்!”

வேழம்மாள் தும்பிக்கையால் தன் இடது காதைத் தடவிக்கொண்டது. பழைய கடி அந்தக் காதில்தான்.

“தீர்மானம் எறும்புக்குத் தெரியுமா தங்கச்சி?”

“தெரியாதுக்கா.”

“பின்னே?”

“நீ சொல்லு. நீ முடியாதுன்னா ஒருத்தரும் போக முடியாது.”

வேழம்மாள் வரிசையைப் பார்த்தது. துள்ளி என்ற தாய் முயல் நான்கு குட்டிகளோடு நின்றுகொண்டிருந்தது. குட்டிகளின் விலா எலும்பு தெரிந்தது. ஐந்து கோடைக்கு முன்னால் அந்த ஏரியில் போன ஏழில் ஒன்று துள்ளியின் அக்கா.

“பசியோட நிக்குதுங்க. நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?” என்றது யானை. “பதினொரு பேர்தானே? பார்த்துப்போம். ஆனா நான் சொன்னது சொன்னதுதான். எறும்பு ஏறுச்சுன்னா மலைதான்!”

பதினொரு பேரோடு அது நிற்கவில்லை.

அடுத்த மாதம் உறுப்பினர்களின் மனைவிமார் பெயர் மரத்தில் ஏறியது. கணவனைச் சோதிக்காமல் மனைவியை மட்டும் சோதித்தால் குடும்பத்தில் சண்டை வரும் என்றார்கள். அதற்கடுத்த மாதம் முன்னாள் உறுப்பினர்கள் வந்தார்கள். நாளைக்கு நாமும் முன்னாள்தானே என்று எல்லாருக்கும் தோன்றியிருக்க வேண்டும். பிறகு உறுப்பினர்களின் உதவியாளர்கள், உதவியாளர்கள் தூக்கி வரும் மூட்டைகள், மூட்டைக்கு மேல் உட்கார்ந்து வரும் யாராக இருந்தாலும் அவர்கள். மருத மரத்தில் இடம் போதாமல் மரங்கொத்தி பக்கத்து மரத்துக்குப் போனது. அதற்கு அலகு வலித்தது. ஆனாலும் தன் பெயரையும் ஒரு மூலையில் கொத்திக்கொண்டது.

கூர்மூக்கி சும்மா இருக்கவில்லை. உறுப்பினர்கள் ஏறும்போது பக்கத்தில் நடப்பதுபோல் நடந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டது. கருந்தோளன் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஏம்மா! திருட்டுத்தனமாவா முகர்ந்து பார்க்குற?”

“மூச்சு விடுறேன் ஐயா.”

“மூச்சைப் பத்தடி தள்ளி நின்னு விடு!”

அதுவும் மரத்தில் ஏறியது. உறுப்பினர்கள் வரும்போது கீரி பத்தடி தள்ளி நிற்க வேண்டும்.

இதை எல்லாம் இன்னொரு கூட்டமும் கவனித்துக்கொண்டிருந்தது. மருத மரத்தின் வேரடியில் ஒரு செவ்வெறும்புப் புற்று இருந்தது. அக்கரையில் ஈச்சம்பழம் பழுத்து உதிரும் வாசனை காற்றில் வரும்போதெல்லாம் அந்த எறும்புகளுக்கு நாக்கில் நீர் ஊறும். ஐந்து கோடையாக எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டன. முயல் காதில் ஒளிந்தன, முள்ளம்பன்றியின் முள்ளடியில் ஒளிந்தன, எலி வாலில் தொங்கின. ஒவ்வொரு தடவையும் குட்டைத் தண்ணீர் பாதியை அடித்துக்கொண்டு போகும். மீதியைக் கூர்மூக்கி கண்டுபிடித்து ஊதித் தள்ளிவிடும்.

மரங்கொத்தி கொத்திய பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு வேலைக்கார எறும்பு ராணியிடம் ஓடியது.

“மகாராணி! வழி திறந்துடுச்சு! பட்டியல்ல இருக்கிறவங்களை யாரும் பார்க்கிறதில்லை!”

“யார் மேலே ரோமம் அதிகம்?” என்று கேட்டது ராணி.

“கரடி மேலேதான். ஆனா மகாராணி, அவர் நம்மளைத் தின்கிறவராச்சே!”

“அவர் வாயில ஏறச் சொல்லலை. தோள்ல ஏறச் சொல்றேன்!”

எறும்புகளுக்கு யானைமேல் ஒரு பகையும் இல்லை. கரடிமேல்கூட இல்லை. அவற்றுக்கு ஈச்சம்பழம் வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் மன்றக் கூட்டம். கருந்தோளன் வழக்கம்போலக் காலையிலேயே கிளம்பி, வழியில் ஒரு கறையான் புற்றைக் கிளறி உட்கார்ந்தார். கரடி கறையான் தின்ன உட்கார்ந்தால் உலகத்தை மறந்துவிடும். முன்னங்கைகள் தோண்டும், உதடு உறிஞ்சும், கண்கள் சொருகிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து முப்பது செவ்வெறும்புகள் பின்காலில் ஏறி, முதுகு வழியாகத் தோளுக்குப் போய், அடர்ந்த ரோமத்துக்குள் புகுந்து படுத்துக்கொண்டன.

கருந்தோளன் கரைக்கு வந்தபோது சோதனை முடிந்து மற்றவர்கள் யானையின் முதுகில் ஏறிவிட்டிருந்தார்கள். துள்ளியும் அதன் நான்கு குட்டிகளும் இருந்தன. முள்ளம்பன்றியும் இருந்தது. எல்லாரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். அன்று குட்டையில் தண்ணீர் சில்லென்று இருந்ததால் குட்டி முயல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

காற்று ஏரிப்பக்கமாக வீசியது. பத்தடி தள்ளி நின்ற கூர்மூக்கியின் மூக்கு விடைத்தது. புளித்த வாசனை!

“ஐயா! கொஞ்சம் நில்லுங்க! எறும்பு வாசனை வருது!”

“வரத்தான் செய்யும்,” என்றார் கருந்தோளன். “நான் கரடி. எறும்பும் கறையானும் தின்னுட்டு வர்றேன். என் வாய்ல மல்லிகைப்பூ வாசனையா வரும்?”

கூர்மூக்கி தயங்கியது. அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. வாசனை வாயிலிருந்து வருகிறதா, தோளிலிருந்து வருகிறதா என்று பத்தடி தூரத்திலிருந்து எப்படிச் சொல்வது? பக்கத்தில் போய் முகர்ந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

“ஒரே ஒரு தடவை உதறிடுங்க ஐயா. நான் திரும்பி நின்னுக்கிறேன். குரங்குகளை விரட்டிடறேன். யாரும் பார்க்க மாட்டாங்க!”

கருந்தோளனுக்குக்கூட அரை நொடி மனசு அசைந்தது. தோளில் ஏதோ லேசாக ஊர்வதுபோலவும் இருந்தது. ஆனால் முதுகின் மேலிருந்து ஆறு ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. அவருக்குத் தொப்பைக்குக் கீழே இருந்த வழுக்கை நினைவுக்கு வந்தது.

“இன்னிக்கு உதறினா நாளைக்கும் உதறச் சொல்வீங்க. தீர்மானம்னா தீர்மானம்! இன்னிக்குக் கூட்டத்துல முயல்களுக்குப் புல் பங்கு பிரிக்கப் போறோம். நான் போகலைன்னா அது நின்னு போகும். நிறுத்தவா?”

துள்ளி பதறிவிட்டது. “வேண்டாம் ஐயா! ஏறுங்க, ஏறுங்க!”

கூர்மூக்கி யானையின் தும்பிக்கை நுனிக்குப் போய்க் கிசுகிசுத்தது. “அக்கா, எனக்கு மனசு சரியில்லை.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாதுக்கா. பார்க்க விட்டாத்தானே தெரியும்?”

வேழம்மாள் பெருமூச்சு விட்டது. கருந்தோளன் அதன் கழுத்தில், இடது காதுக்குப் பக்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்தார். அவர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. யானை ஏரியில் இறங்கியது. கூர்மூக்கி கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது.

பாதி ஏரி வரை ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது. ரோமத்துக்குள் வெக்கை தாங்காமல் எறும்புகள் வெளியே வந்தன. சில கரடியின் கழுத்தில் ஏறின. சில யானையின் கழுத்திலும் முதுகிலும் பரவின.

வேழம்மாளின் உடம்பு முழுவதும் சிலிர்த்தது. காலை அப்படியே ஊன்றி நின்றுவிட்டது.

“யார் மேலயோ எறும்பு இருக்கு! சொல்லிடுங்க! தும்பிக்கையால தண்ணி அடிச்சுக் கழுவிடறேன். இன்னும் காதுக்குள்ள போகலை. இப்பச் சொன்னா ஒண்ணும் ஆகாது!”

“எங்க மேல இல்லைக்கா! எங்களை மூணு தடவை உதற வெச்சாங்க!” என்றது துள்ளி.

“என் முள்ளை ஒவ்வொண்ணா விலக்கிப் பார்த்தாங்க!” என்றது முள்ளம்பன்றி.

கருந்தோளன் பேசவில்லை. அவருக்கு இப்போது சந்தேகமே இல்லை. கழுத்தில் ஊர்கிறது, தோளில் ஊர்கிறது. வாயைத் திறந்து ‘என் மேல்தான்’ என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் நாளைக்கு அந்தக் குரங்குகள் என்ன பேசும்? மருத மரத்தில் கொத்தி வைத்தது எல்லாம் என்ன ஆகும்? தானாகவே இறங்கிப் போய்விடும் என்று எண்ணிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

யானைக்கு யார் என்று தெரியவில்லை. தும்பிக்கையில் தண்ணீரை உறிஞ்சி முயல்கள்மேல் அடித்தது. ஏற்கெனவே குட்டையில் முங்கி, மூன்று முறை உதறி, முகர்ந்து பார்க்கப்பட்ட முயல்கள் மறுபடியும் நனைந்தன. முள்ளம்பன்றியும் நனைந்தது. பிறகு தும்பிக்கை கழுத்துப் பக்கம் திரும்பியது.

“என் மேலே அடிக்காதே! எனக்கு விலக்கு உண்டு!” என்றார் கருந்தோளன்.

வேழம்மாள் சொன்ன சொல் கேட்கும் யானை. தும்பிக்கையைத் தாழ்த்திக்கொண்டது. அந்த இடைவெளி போதும். ஒரு எறும்பு இடது காதுக்குள் நுழைந்து, உள்ளே இருந்த மெல்லிய தோலைக் கவ்வியது.

ஏரியே அதிரும்படி பிளிறியது வேழம்மாள். முன்னங்கால்கள் மடங்கின. முதுகு சரிந்தது. துள்ளியின் கடைக்குட்டி வழுக்கிக்கொண்டு போய், யானையின் வலது காது நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு தொங்கியது. கீழே தண்ணீரில் முதலைகளின் கண்கள் நெருங்கி வந்தன.

“என் மேலதான்! என் மேலதான்!” என்று கத்தினார் கருந்தோளன். “எறும்பு என் மேலதான் இருக்கு! தண்ணி அடி! அடி!”

இப்போது சொல்லி என்ன பயன்? தண்ணீர் தோளைக் கழுவும். காதுக்குள் போனதைக் கழுவாது.

தலையை உதறினால் வேழம்மாளுக்கு வலி குறையும். ஐந்து கோடைக்கு முன்னால் அது அதைத்தான் செய்தது. திரும்பிப் பார்த்தபோது வெறுமையாக இருந்த முதுகு அதற்கு நினைவுக்கு வந்தது. அந்த ஏழு முயல்களின் முகமும் நினைவுக்கு வந்தது. அது தலையை உதறவில்லை.

தும்பிக்கையைப் பின்னால் நீட்டிக் கடைக்குட்டியைப் பிடித்து முதுகில் வைத்தது. பிறகு நடந்தது. கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு நடுங்கியது, தலை மட்டும் அசையவில்லை. உலகத்தில் எந்த யானையும் அவ்வளவு பெரிய வலியை அவ்வளவு நேரம் அசையாமல் தாங்கியிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். முதலைகள் அக்கரை வரைக்கும் பின்னாலேயே வந்தன. அவற்றுக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

கரையில் கால் பட்டதும் வேழம்மாள் மண்டியிட்டது.

“இறங்குங்க! சீக்கிரம் இறங்குங்க!”

கடைசி முயல் குட்டி குதித்து இறங்கும் வரை பொறுத்தது. அதன் பிறகு எழுந்து தலையை மரத்தில் மோதியது. இலுப்பை மரம் ஆடியது. முன் நடையிலேயே வந்து காத்திருந்த மன்ற உறுப்பினர்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். பிளிறிக்கொண்டே காட்டைக் கிழித்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடியது வேழம்மாள். ஒடிந்த மரங்கள் மட்டும் அது போன வழியைக் காட்டின.

அது திரும்பி வரவில்லை.

அக்கரையில் இருந்த விலங்குகள் மலையடிவாரத்தில் போய் நின்று அழுதன. வேழம்மாள் ஒரு பாறைமேல் நின்று கேட்டது. அதன் இடது காது வீங்கியிருந்தது.

“உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா தண்ணியைப் பார்த்தாலே உடம்பு நடுங்குது. என்னால முடியாது,” என்றது. சொல்லிவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது.

மன்றம் அவசரமாகக் கூடியது. அக்கரையில் மாட்டிக்கொண்ட உறுப்பினர்கள் மட்டும் கூடினார்கள். மருத மரத்தில் கொத்தியிருந்த பட்டியலை ரத்து செய்வதாக ஒரே குரலில் முடிவு செய்தார்கள். ஆனால் அந்த முடிவை இக்கரைக்குக் கொண்டுவர யானை இல்லை, மரங்கொத்தியும் அலகு வலி தீராமல் கொத்துவதையே விட்டுவிட்டது. அதனால் பட்டியல் அப்படியே இருக்கிறது. பெயர் இருக்கிறவர்கள் எல்லாரும் இன்றும் எந்தச் சோதனையும் இல்லாமல் யானைமேல் ஏறலாம். அதற்குத் தடையே இல்லை.

துள்ளியும் குட்டிகளும் அக்கரையில் புல் தின்று பிழைத்துக்கொண்டன. இக்கரையில் இருந்தவர்கள் அந்தக் கோடையை எப்படிக் கடந்தார்கள் என்று கேட்காதீர்கள். பலர் கடக்கவில்லை.

கருந்தோளனும் அக்கரையில்தான் இருக்கிறார். அவருடைய மனைவியும் இரண்டு குட்டிகளும் இக்கரையில். பசியில் குட்டிகள் அழும் சத்தம், காற்று அந்தப் பக்கம் வீசும் நாட்களில் அவர் காதுக்குக் கேட்கும். அப்போதெல்லாம் அவர் தண்ணீர் ஓரம் வந்து, கழுத்துவரை முங்கி எழுகிறார். கரையில் ஏறி மூன்று முறை உடம்பை உதறுகிறார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நிற்கிறார். அங்கேயும் குரங்குகள் பார்க்கின்றன. அவர் கைகளை இறக்குவதில்லை.

இக்கரையில் உதறுபாறைக்குப் பக்கத்தில் கூர்மூக்கி உட்கார்ந்திருக்கும். தூரத்தில் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தக் கறுப்பு உருவம் அதற்குத் தெரியும். “சரி, ஏறலாம்!” என்று சொல்ல அதற்கும் ஆசைதான். ஏறுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

எல்லாரையும் காக்கும் விதியிலிருந்து தன்னை மட்டும் விலக்கிக்கொள்கிறவனின் தோளைத் தேடித்தான் ஆபத்து வந்து உட்காரும். அதன் கடியோ, விதிக்கு அடங்கி நடந்த எல்லார் மேலும் விழும்.